இடப்பக்க மச்சம்

நெகடிவைத் திருப்பிப் போட்டவன் நான்தான்.
வெள்ளகோவில் ஸ்டுடியோ வாசலில்
மில்லுக்காரர் ராக்கியண்ணன்
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.
அந்த அவசரத்தில்
நாற்பது வருஷமாக எண்ணெய் டின்னில் அவளுக்கு
மச்சம் வலப்பக்கம்.

கோயமுத்தூரிலிருந்து வரவேண்டிய மாடல் வரவில்லை.
களத்தில் கொப்பரை பொறுக்கினவர்களில்
"நீ வா அம்மிணி" என்று கைகாட்டிய ஒருத்தி.
முதலாளியம்மாவின் ஜிமிக்கி,
தோளில் மட்டும் போர்த்திய இரவல் பட்டு.
விரலெல்லாம் கொப்பரைப் பூசணம்,
கழுத்தோடு வெட்டிவிட்டேன்.

சிரி என்றேன். சிரிக்கவில்லை.
"ஆறரை பஸ்ஸு போயிருமுங்க" என்றாள்.
அந்த 'ங்க'வில் க்ளிக்.
ஊரே அதைப் புன்னகை என்கிறது.

போகும்போது ஒரு காப்பி கேட்டாள்.
அடுத்த வாரம் வரச் சொன்னேன்.
வந்தாளாம்.
அன்றைக்குக் கடை லீவு.
பேர் கேட்கத் தோன்றவில்லை.
மில் வவுச்சரில் 'பெண் ஒன்று, ரூபாய் பதினைந்து.'

டின் காலியானதும் முகம் வேலைக்குப் போகும்.
பல்லடத்தில் கோழித் தீவனம் அளக்கும்,
முத்தூர்ப் பக்கம் கூரை ஓட்டையில்
மல்லாந்து படுத்து வெயில் வாங்கும்.
ஒரு மாரியம்மன் கோயிலில்
உச்சியில் துளைபோட்டு உண்டியலாக்கி
நெற்றிக்கு மஞ்சளும் வைத்திருந்தார்கள்.
தாராபுரம் பஸ் ஸ்டாண்டில்
கட்டணக் கழிப்பிட வாளி.

"எண்ணெ டின்னுப் பொண்ணாட்ட லட்சணமா பாருங்க"
என்று தரகரிடம் சொன்ன ஒரு வீடு தெரியும்.
களத்து ஆட்களுக்கு
அங்கே தண்ணீர் வாசலோடு.

பிறகு கேஸ் வந்தது, போலி டின்காரன் மேல்.
யார் இந்தப் பெண் என்றார் ஜட்ஜ்.
"யாருமில்லை யுவர் ஆனர், கற்பனைப் படம்"
என்றார் மில்லுக்கார வக்கீல்.
கடைசி பெஞ்சில் நான் இருமினேன்.
என் வீரம் அவ்வளவுதான்.

தோற்றவன் பயந்துபோய்
பேரை மாற்றினான், நிறத்தை மாற்றினான்,
முகத்தை மட்டும் விட மனசில்லாமல்
இடம் வலமாகத் திருப்பி அச்சடித்தான்.

நேற்று சந்தையில் ஒரு டின் வாங்கினேன்.
மேஜைமேல் வைத்து
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் மட்டம்.
முகம் சரி.