நிறுவாமல் முயன்று பார்

வால்திவியாவில் ஜூன் மாதம்.
ஒன்பது நாளாக ஒரே மழை.
திரையில் மூன்றாவது தடவையாக அதே பெட்டி:
இந்தக் கணினி புதிய பதிப்புக்குத் தகுதி பெறவில்லை.
பதினோரு வருடம் என் விறகுக்கடைக் கணக்கைச் சுமந்தது,
நேற்றுவரை தகுதியாகத்தான் இருந்தது.
இதே வாக்கியத்தை வங்கிக்காரன் என்னிடம் சொன்னபோது
நன்றி என்று சொல்லி எழுந்து வந்தேன்.
இந்த முறை எழுந்திருக்கவில்லை.

மர அறுவை ஆலை பெலார்மினோ
ஒரு பென்டிரைவ் தந்திருந்தான்,
தொலையாமலிருக்கச் சிவப்புக் கம்பளி நூல் கட்டி.
"லினக்ஸ். காசு கிடையாது."
காசில்லாமல் வந்த எதுவும் எங்கள் தெருவைவிட்டு
வெறுங்கையோடு போனதில்லை.
அதை அவனிடம் சொல்லவில்லை.
மூன்று வாரம் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

ரசீது ஒன்றின் முதுகில் பயங்களை எழுதினேன்.
பிரிண்டர்: அதட்டினால்தான் அச்சடிக்கும்,
புது எஜமானுக்கு அடங்குமா?
வரித்துறைப் பக்கம் திறக்குமா?
கடன் கணக்கில் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டால்
மே மூன்றில் விறகு வாங்கிய பள்ளிக்கூடம்
மார்ச் ஐந்திலேயே வாங்கியதாகிவிடும்,
அப்போது அங்கே அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள்.
சீட்டாட்டம்.
இதை அடித்துவிட்டு
மறுபடி எழுதினேன்.

எல்லாவற்றையும் முதலில் நகலெடு என்றிருந்தான்.
எல்லாம் என்று வாயால் சொல்லிவிடலாம்.
வட்டில் மூன்றரை ஜிபி இடம் குறைந்தது.
'மற்றவை' என்றொரு கோப்புறை,
ஆறு வருடமாகத் திறக்காதது.
உள்ளே ஓஸ்வால்தோ புகைபோக்கியைச் சரிசெய்கிறான்,
நாற்பது நிமிடம்.
பெரும்பாலும் ஏணியும் இரண்டு பூட்ஸும்.
ஒரே ஒரு தடவை குனிந்து பார்க்கிறான்:
"விளக்கை நேராகப் பிடி, எர்சிலியா."
படம் ஆடுகிறது. நேராகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.
நாற்பது நிமிடமும் உட்கார்ந்து பார்த்தேன்.
வரித்துறை என்றாவது கேட்கும்,
அவன் எதையும் கேட்டு வரப்போவதில்லை.
ரசீதுகளை எடுத்துக்கொண்டேன்.

ராத்திரி பதினொன்றரை. நூலைப் பிடித்துச் செருகினேன்.
கறுப்புத் திரை. புரியாத வரிகள் மளமளவென்று ஓடின,
எறும்புப் புற்றில் கால் வைத்த மாதிரி.
பிறகு சாதுவாக இரண்டு பொத்தான்கள்:
நிறுவு.
நிறுவாமல் முயன்று பார்.

இப்படி ஒரு பொத்தானை
இதுவரை யாரும் எனக்குக் காட்டியதில்லை.
அழுத்தினேன்.
எதையும் தொடாமல் வீடு பார்க்க வந்தவள் மாதிரி
ஜன்னல்களைத் திறந்து திறந்து மூடினேன்.
சத்தம் கேட்டது. இணையம் வந்தது.
தேதிகள் தத்தம் இடத்தில் நின்றன.

எழுதிப் பார்க்கலாம் என்று பெயரை அடித்தேன்.
எங்கள் குடும்பப் பெயரின் முதலெழுத்துக்குத்
தலைமேல் ஒரு சின்ன அலை உண்டு.
பள்ளிச் சான்றிதழில் அதைத் துடைத்துவிட்டு
ஞான்குபிலை நான்குபில் ஆக்கினார்கள்,
அப்பா மூன்று பஸ் மாறிப் போய்த் திருத்தி வந்தார்.
இப்போது அந்த விசையைத் தட்டினால்
அரைப்புள்ளி.
மறுபடி தட்டினேன். அரைப்புள்ளி.

பென்டிரைவைப் பிடுங்கக் கை போய்விட்டது.
பிறகு விசைப்பலகைப் பட்டியலைத் திறந்து
கீழே, கீழே, இன்னும் கீழே போனேன்,
பேரறியாத மொழிகளையெல்லாம் தாண்டி:
ஸ்பானிஷ், லத்தீன் அமெரிக்கா.
தட்டினேன்.
அலையோடு வந்தது.

அதற்குப் பிறகுதான் மற்றப் பொத்தான்.
வட்டு முழுவதும் அழிக்கப்படும், சம்மதமா என்றது.
அடுப்பில் ஒரு கட்டை போட்டுவிட்டு வந்தேன்.
ஊருக்கெல்லாம் காய்ந்த விறகு விற்கிறவள் வீட்டில்
ஈரக்கட்டை, சீறியது.
சம்மதம்.

அறுபது சதவீதத்தில் கண் அசந்துவிட்டேன்.
விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது,
பிரிண்டரைக் காணவில்லை என்ற ஒரு வரியைத் தவிர.
அதட்டினேன். பலனில்லை.
விளக்கை அணைத்துப் படுத்த பிறகு,
யாரும் கேட்காமல்,
கூடத்தில் அது ஒரு வெற்றுத்தாளை இழுத்துக்
கீழே போடும் சத்தம் கேட்டது.