மூச்சுக்கு முந்நூறு

பர்ஸ்லெம் சந்தைக்குப் பின்னால் மெதடிஸ்ட் கூடம்.
மாதத்தில் இரண்டாவது வியாழன் எங்களுக்கு.
இருபத்தாறு நாற்காலி, ஐந்து ஆக்சிஜன் உருளை,
ஓட்ஸ் ரொட்டி சுட ஒரு மின்கல்.
நான் பொருளாளர். என் நுரையீரலில் ஒன்றுமில்லை.
கணவரின் நாற்காலியைக்
காலி செய்ய மனம் வராமல் உட்கார்ந்திருக்கிறேன்,
அவ்வளவுதான்.

சங்கத்துக்கு ஒரு வேன் உண்டு.
உள்ளே ஒரு குழாய், ஒரு திரை.
குழாயில் ஊதினால் திரையில் மலை எழும்.
எங்களவர்களின் மலை
உச்சி தொட்டதுமே உள்வாங்கிவிடும்,
யாரோ கரண்டியால் அள்ளியதுபோல.
இந்த வருஷம் வேனுக்கே மூச்சுத் திணறியது.
கிளட்ச்: அறுநூற்று நாற்பது பவுண்ட்.

பலூன் யோசனை எனிடுடையது.
ஆளுக்கு ஒரு பலூன், ஒரே ஊது,
பிறகு ஏலம்.
செவிலி ருட்டெண்டோ பேனாவைக் கீழே வைத்தாள்.
"பலூனா? இவங்களா?"
ஒரே ஒரு தரம், அதுவும் என் கண் முன்னால் என்று
அரைமனதாக இறங்கி வந்தாள்.

மாரீன் ஊதியது மாதுளை.
ஷமீம் பீபி ஊதியதில் பாதி சிரிப்பாக வெளியே போனது.
ஹெட்லி பூலி
பதினைந்து வயதில் சூளைக்குள் பீங்கான் அடுக்கப் போனவர்.
சட்டையில் ஒட்டிய வெள்ளைத் தூள்
துவைத்தால் போய்விடும்.
உள்ளே போனதற்குச் சோப்பு இல்லை.
ஊதினார்.
எலுமிச்சை. அதுவும் பிஞ்சு.
முடிச்சு நான்தான் போட்டேன்.

பத்து, பன்னிரண்டு என்று நகர்ந்த ஏலம்
அந்தப் பிஞ்சுக்கு வந்ததும்
பின்வரிசையில் ஒரு கை: "இருநூறு."
கிரிஸ்பின் தோர்ன்லோ.
எங்கள் ஊர்த் தட்டுகளைக் கவிழ்த்தால்
அடியில் அவன் தாத்தா பெயர்தான் இருக்கும்.
நல்ல பிள்ளை. கைதட்டத் தொடங்கினோம்.
ஹெட்லி கையை உயர்த்தினார்.
அவர் பேச நேரமாகும். காத்திருந்தோம்.

"உங்க வீட்டுக்கு...
நாப்பது வருஷம்...
குடுத்தாச்சு.
இது வேற யாருக்காவது."

யாரும் மூச்சு விடவில்லை என்று
எழுதப் பார்த்தேன்.
அந்தக் கூடத்தைப் பற்றி அப்படி எழுத முடியாது.
உருளைகள் மட்டும் உஸ், உஸ் என்றன.

முதலில் ஷமீம் பீபி பர்சைத் திறந்தாள். இருபது.
மாரீனின் பிங்கோ காசு.
ருட்டெண்டோ பார்க்கிங் அபராதத்துக்கு வைத்திருந்தது.
தகர டப்பா வரிசை வரிசையாய்ப் போய்த் திரும்பியது.
இரண்டு முறை எண்ணினேன்.
முந்நூறு பவுண்ட், நாற்பது பென்ஸ்.
மூச்சுக்கு முந்நூறு தரம்
நன்றி சொல்லியே பழகிய சங்கம் நாங்கள்.
ஒரு மூச்சுக்கு முந்நூறு
வந்து பார்த்தது இன்றுதான்.

கிரிஸ்பின் போகவில்லை. காது சிவந்து நின்றவன்
மாதுளையை இருநூறுக்குக் கேட்டான்.
மாரீன் ஹெட்லியைப் பார்த்தாள்.
ஹெட்லி கூரையைப் பார்த்தார்.
நான் பொருளாளர். வாங்கிக்கொண்டேன்.

இரவு கணக்கு நோட்டில் எழுதினேன்:
"வரவு. மூச்சு, ஒன்று."
வரி ஆபீஸ் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லோரும் வாங்கியது என்பதால்
யாரும் எடுத்துப் போகவில்லை.
வேன் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டோம்.
செவ்வாய்க்குள் தோல் சுருங்கிவிட்டது.
ஹெட்லி அதை விரலால் தொட்டு
ருட்டெண்டோவிடம் சொன்னார்:
"பாத்தியா, நீ சொல்லிக்குடுத்த மாதிரியே
மெதுவா விடுது."

புது கிளட்சின் முதல் பயணம்
லாங்டனில் ஒரு கல்பட்டறைக்கு.
சமையலறை மேடைக்குக் கல் அறுக்கிறார்கள்.
இருபத்துமூன்று வயது யோனுட் ஏறி வந்தான்.
புருவமெல்லாம் வெள்ளை.
அந்த வெள்ளை எனக்குத் தெரியும்.
"எனக்கு ஒண்ணுமில்ல, டீ குடுப்பீங்கன்னாங்க" என்றான்.

குழாயை வாயில் வைத்தான்.
தலைக்கு மேல் அந்தச் சின்ன ரப்பர் ஆடியது.
ஊதுங்க, ஊதுங்க,
விடாதீங்க, இன்னும்,
இன்னும் கொஞ்சம் என்று
வேனுக்குள் இருந்த எல்லோரும் கத்தினோம்.

திரையில் கோடு
ஏறத் தொடங்கியது.