கண்ணாடி எழும்பும் நேரம்

பந்தலுக்குள் கால் வைக்கமுதலே டிலக்சன் சொன்னான்:
“அக்கா, உங்கட கமராவுக்குள்ள கண்ணாடி எழும்பி விழுற சத்தம்
பறைமேளத்துக்கு மேலால கேக்குது.
இண்டைக்கு என்ரயால எடுப்பம்.”

அவனுடையது மிரர்லெஸ்.
லண்டன் மச்சான் போன கோடைக்குக் கொண்டுவந்தது.
அழுகிறவர்களின் நடுவே நின்று அழுத்தினாலும்
ஒரு கிளிக் இல்லை.
வெள்ளைக்காரர் இதைச் ‘சுடுவது’ என்பார்களாம்.
நாங்கள் எடுப்பது என்றுதான் சொல்வோம்.

என்னுடையதற்குள் தெரிவது வெளிச்சம்.
கொக்குவிலின் வெயில்தான் நேரே உள்ளே வந்து
கண்ணாடியில் பட்டு, மேலே ஏறி, மடங்கி
என் கண்ணில் விழுகிறது.
பற்றரியைக் கழற்றினாலும் தெரியும்.
அவனுடையதில் இருப்பது அரை அங்குலத் திரை.
அங்கே எல்லாம் ஏற்கெனவே படம்.
இருளப்போகிறதா வெளிறப்போகிறதா
எடுக்கமுன்னமே காட்டிவிடும்.
நான் எடுத்தபிறகு பிழையைத் தெரிந்துகொள்கிறவள்.

பெட்டிக்குள் நேசராசா.
லேத் பட்டறை. ஐம்பத்திரண்டு வயது.
குளிப்பாட்டியும் போகாத கிறீஸ்
நகக்கண்ணில்.
பேப்பர் சரிவராத தம்பி ரொறன்ரோவில்,
அங்கே விடிய நாலு மணி.
அவருக்காக ஒரு போன் முக்காலியில் நின்று
எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருந்தது.

டிலக்சன் ஷட்டரை ஐந்நூறில் ஒன்றுக்கு ஏற்றினான்.
செத்தவரின் முகத்தில்
குறுக்கே குறுக்கே கறுப்பு வரிகள்,
சன்னல் கம்பிக்குப் பின்னால் கிடத்தியதுபோல.
“எல்ஈடி பல்ப்படா,” என்றேன்.
“எங்கட கரண்ட் நொடிக்கு நூறுதரம் இமைக்குது.
நூறில ஒண்டுக்கு இறக்கு.”
இறக்கினான். வரி போய்விட்டது.
மார்பில் அடித்த கைகள் புகையாகிவிட்டன.

ஒன்றை அவனுக்கு நான் சொன்னதில்லை.
விசையை அழுத்தும் அந்த இடத்தில்
கண்ணாடி எழும்பும், எனக்குக் கறுப்பு.
பதினைந்து வருடமாய் நான் எடுத்ததெல்லாம்
நான் பார்க்காதவை.
தாலி கழுத்தைத் தொட்டதை நான் கண்டதில்லை.
தொடமுன் கண்டேன்.
தொட்டபின் கண்டேன்.

வாய்க்கரிசி முடிந்தது.
“மூடப்போறம்,” என்றார் ஒருவர்.
மூடினார்கள்.
ஆணி இறங்கத் தொடங்கியபிறகு
மகளின் போனில் தம்பியின் குரல்:
“பொறுங்கோ! மூடாதேங்கோ! இப்பதானே முகம் வடிவாத் தெரியுது!”

ஒருவரும் பேசவில்லை.
அவருடைய படம் பதினொரு நொடி பிந்தி ஓடியது.
எங்களிடமிருந்து போய்விட்ட அண்ணன்
பதினொரு நொடி
அவரிடம் மட்டும் இருந்தார்.
பிறகு போனிலும் மூடி வந்திருக்கவேண்டும்.
அந்தச் சத்தத்தை நான் எழுதவில்லை.

பந்தல் காலோடு டிலக்சன் நின்றான்.
கமரா கழுத்தில் தொங்கியது.
“அக்கா, இதுக்குள்ள கறுப்பே வராது.
மூடி இறங்கினது முழுக்கக் கண்டன்.
உங்கடையில ஒரு இமையாவது இருக்கு.”
பிறகு, வேறு யாரோ சொன்னதுபோல,
“பற்றரி ஒரு கோடுதான். மற்றது பைக்க இருக்கே?”
கொடுத்தேன்.
அவன் கொம்பையன்மணலுக்கு மேளத்தின் பின்னால் நடந்தான்.
பெண்கள் படலையோடு நிற்பது.
நின்றேன்.

முற்றத்தைக் கழுவத் தொடங்கினார்கள்.
செவ்வந்திப் பூ வாய்க்காலுக்குள் போனது.
ஈரத்தில் பந்தல் தலைகீழாய்த் தெரிந்தது.
எடுக்க நினைத்து, விட்டேன்.

இரவு பத்து மணிக்கு ரொறன்ரோவிலிருந்து ஒரு வரி:
“அக்கா, மூடேக்க எடுத்தது இருந்தால் அனுப்புங்கோ.”

இருக்கிறது.
நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாவது.
மூடி நெற்றிவரை வந்த இடத்தில் அழுத்தினேன் என்று
விரலுக்குத்தான் தெரியும்.
காட் இன்னும் கமராவுக்குள்.
அனுப்பமுதல்
நானும் ஒருக்கால் பார்க்கவேண்டும்.