வலங்கைமான் இடங்கைக்காரி

பள்ளிக்கு வந்த பதினோரு கிளவுஸும்
இடக்கையில் மாட்டுபவை.
ஷர்மிகா எறிவதே இடக்கையால்.

"லெஃப்ட்டா? ஆர்டர் போட்டாப் பத்து நாளாகும்"
என்றார் கும்பகோணம் கடைக்காரர்.
சனிக்கிழமை மேட்ச்.

வலக்கையில் தலைகீழாகத் திணித்தாள்,
சுண்டுவிரல் பொந்தில் கட்டைவிரல்.
எண்ணெய் ரொம்பத் தடவாதே, தோல் கனக்கும் என்றேன்.
பந்தை உள்ளே வைத்து
வைக்கோல் பிரியால் இறுக்கிக் கட்டி
மூன்று இரவு தலைக்கு வைத்துப் படுத்தாளாம்.
கூந்தலெல்லாம் மாட்டுத்தோல் வாசம்.

பயிற்சியில் முதல் பந்து நழுவி
குடமுருட்டிப் பக்கம் உருண்டது.
அடுத்ததும்.
மூன்றாவது நின்றது.

திருவாரூரில் அம்பயர் கேட்டார்,
"எந்த ஊரும்மா?"
சொன்னாள்.
ஸ்கோர் எழுதுபவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

முகக்கம்பிக்குள் நான் சிரிக்கவில்லை.
அவள் எறிந்தது
இன்னும் எரிகிறது
உள்ளங்கையில்.