கால் மட்டும்

கால் மட்டும் போதும் என்றார்கள்.
முகம் அவர்களிடம் இருந்தது,
பெங்களூரிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தது.

நான் ஆள் பிடித்துக் கொடுப்பவன்.
கல்யாண ஊர்வலமென்றால் நூறு பேர்,
கலவரமென்றால் இருநூறு,
பிணத்துக்குத் தனி ரேட்.
பந்து உதைக்கும் கால் ஒரு ஜோடி
அதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ ஃபேக்டரி.
உச்சி வெயில். களம் முழுக்க வெள்ளை.
ஈர ஜவ்வரிசியைக் காலால் கிளறிக்கொண்டே
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான் எத்வா.
சிம்டேகா பக்கம் ஏதோ ஊர்.
தன்பாத் ரயிலில் கழிவறை ஓரம் நின்றே
சேலம் வந்து இறங்கியவன்.
சாப்பாட்டு மணி அடித்ததும்
மரவள்ளித் தோல் குவியலுக்கு அந்தப் பக்கம்
சாக்கைச் சுருட்டிக் கட்டிய ஒன்றை
இடது காலால் ஒரு தட்டு.
அது புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டு போய்
எடைமேடை சன்னலுக்குள் விழுந்தது.
கணக்குப்பிள்ளை கெட்ட வார்த்தையில் கத்தினார்.
எனக்கு அது விசில் மாதிரி கேட்டது.

ஏற்காட்டுக்கு என் டிவிஎஸ்ஸில் ஏறினோம்.
கொண்டை ஊசி வளைவுகளைப் பின்னாலிருந்து
ஒன்று, இரண்டு என்று
தமிழில் எண்ணிக்கொண்டே வந்தான்.
பதினைந்தில் நின்றுவிட்டான்.
மூட்டை எண்ண அவ்வளவுதான் தேவைப்பட்டதாம்.

பள்ளி மைதானத்தில் பனி.
ஹீரோவின் பூட்ஸ் பத்து, இவன் கால் ஏழு.
பஞ்சு அடைத்தார்கள்.
வெறுங்காலில் இன்னும் நல்லா அடிப்பேன் என்று
இந்தியில் அவன் சொன்னதை
நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.
வலது மூலை, கம்பத்துக்கு ஒரு சாண் கீழே.
பனி மறைத்தது, மறுபடி.
ஃபோகஸ் போனது, மறுபடி.
யாரோ இருமினார்கள், மறுபடி.
பதினேழு டேக்.
பதினேழிலும் அதே மூலை, அதே ஒரு சாண்.
கோல் காத்த பையன் பன்னிரண்டாவதில்
குதிப்பதையே விட்டுவிட்டு
திட்டு வாங்கினான்.

கம்பெனி கொடுத்தது மூவாயிரம்.
அவன் கைக்குப் போனது அறுநூறு.
கீழே இறங்கியதும் ரெண்டு தட்டுவடை செட்
நான்தான் வாங்கிக் கொடுத்தேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

படம் வந்தது தை மாசம்.
இஸ்திரி போட்ட சட்டை, ஈரத் தலை.
குதிகால் வெடிப்பில் மட்டும் மாவு போகவில்லை.
இடைவேளைக்கு அப்புறம் அந்தக் கால் வந்தது,
திரை முழுக்க, மாடி வீட்டு உயரத்துக்கு.
பூட்ஸ் நாடாவில் அவன் போட்ட முடிச்சு
மூட்டை வாய் கட்டுகிற முடிச்சு.
தியேட்டர் எழுந்து நின்றது.
"காலைப் பார்றா, காலைப் பார்றா!"
எத்வா போனை எடுத்து உயர்த்திப் பிடித்தான்,
ஊரில் அண்ணனுக்கு அனுப்ப.

டார்ச் வெளிச்சம் வந்தது.
காலரைப் பிடித்து இழுத்தார்கள்.
"திருட்டு வீடியோவாடா?"
"என் கால் சார். அது என் கால்."
ரெண்டு வரிசை சிரித்தது.

பக்கத்து சீட்டில் நான்.
ஒரு வார்த்தை போதும்.
சொன்னால், எவ்வளவுக்குப் பேசினே என்று
யாராவது கேட்பார்கள்.
அந்தத் தொகை அவன் காதிலும் விழும்.
பாப்கார்ன் டப்பாவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழித்துவிட்டுத்தான் போனைக் கொடுத்தார்கள்.
பதினோரு நொடி.

போன வாரம் மறுபடி கூப்பிட்டார்கள்.
இரண்டாம் பாகமாம், அதே கால் வேண்டுமாம்.
களத்தோரம் நின்று கை தட்டினேன்.
கிளறுவதை நிறுத்தாமல் கேட்டான்,
தமிழ் இப்போது நன்றாக வந்துவிட்டது:
"மூஞ்சி வருமா?"

வெள்ளையில் பட்ட வெயில் கண்ணைக் கூசியது.
பார்க்கலாம்ப்பா என்றேன்.
பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று
சத்தமாகச் சொல்லிக்கொண்டே
அந்தக் கோடிக்குத் திரும்பினான்.
என்னத்தை எண்ணுகிறான் என்று
நான் கேட்கவில்லை.