மஞ்சள் குப்பி

துலூத்தில் மார்ச் மாதம் வசந்தமல்ல.
ஏரி உறைந்தே கிடக்கும்.
பெட்ரோல் குழாயில் பனி கட்டாமலிருக்க
காருக்குள் ஊற்றுவார்கள்
மஞ்சள் குப்பியில் வரும் மெத்தனாலை.
குப்பி நாற்பத்தொன்பது சென்ட்.
எங்கள் இருவருக்கும் கார் கிடையாது.
வயது பதினைந்து.

வாங்கியது நான்.
தவ்னோவின் அம்மா கண்ணில் பட்டால் கேட்பாள் என்று
வெந்நீரில் ஊறவைத்து
லேபிளை உரித்ததும் நான்.

முதல் நான்கு முறை இரவில் செய்தோம்.
கராஜ் கதவை ஒரு சாண் தூக்கிவைத்து,
பூனைக்குப் பால் வைக்கிற பீங்கான் கிண்ணத்தில்,
அவன் பெரியப்பா எறும்புக்குத் தூவும் பொடியில்
ஒரு சிட்டிகை போட்டு.
பச்சை!
தவ்னோவின் கன்னம் பச்சை, என் பல் பச்சை,
சுவரில் சாத்திய பனிச்சறுக்குப் பலகைகள்
இலை விடப்போவதுபோல் பச்சை.
ஆபத்து என்று தெரியாமலில்லை.
பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்திருந்தோம்.
அந்த வாளி தந்த தைரியம்தான் எல்லாம்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது.
போட்டோ எடுக்க வெளிச்சம் வேண்டுமென்றான்.
சனிக்கிழமை மதியம், கொல்லைப்புறம்,
ஒரு மேகம் இல்லை. பனி கண்ணைக் குத்தியது.
வாளி கராஜிலேயே இருந்தது.

குச்சி கிழித்து வைத்தான்.
ஒன்றும் தெரியவில்லை.
இன்னொரு குச்சி.
"அணைஞ்சிடுச்சுடா" என்றான்.
குனிந்து
குப்பியைச் சாய்த்தான்.

பொப்.
பீட்ரூட் ஊறுகாய் பாட்டிலைத் திறக்கும்போது வருமே,
அவ்வளவு சின்னச் சத்தம்.
விழுந்த தாரையைப் பிடித்துக்கொண்டு ஏறி
குப்பிக்குள் போய்
வந்த வழியே திரும்பியது.

நான் பார்த்தது இதுதான்:
சிலந்தி வலையைத் தட்டுவதுபோல்
மார்பில் எதையோ தட்டினான்.
ஸ்வெட்டரின் கழுத்து தானாகச் சுருங்கியது.
கோடைத் தார்ச்சாலைமேல் நெளியுமே காற்று,
அது அவனைச் சுற்றி நெளிந்தது.
பிறகு விழுந்தான்.

நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது.
அந்த ஒரு சொல்லைக் கத்தியிருக்கலாம்.
எந்த நெருப்பை?

சமையலறை ஜன்னலில் லெம்பி, காபிக் கோப்பையோடு.
அவள் பார்த்தது வேறு:
மகன் பனியில் மல்லாந்து
கைகளை மேலும் கீழும் அடிக்கிறான்.
ஆறு வயதில் இப்படித்தான்
முற்றமெல்லாம் தேவதை வரைந்து வைப்பான்.
மீசை அரும்புகிறது, இனி எங்கே விளையாடப் போகிறான் என்று
அந்த வாரம்தான் யாரிடமோ சொல்லியிருந்தாள்.
சிரித்தாள்.
கையசைத்தாள்.

தவ்னோ சாகவில்லை.
பத்தொன்பது வாரம் ஆஸ்பத்திரி.
தொடைத்தோல் கழுத்துக்கு ஏறியது,
இடது கை விரல்கள் இரண்டு சேர்ந்தே மடங்கும்.
இப்போது ஃபார்கோவில் ஒரு லாரி கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறான்.
கிறிஸ்துமஸுக்குப் போன் வரும்.
மீன் எப்படி என்பான், சுமார்தான் என்பேன்.

லெம்பி அந்த ஜன்னலுக்குக் கம்பளித் துணியில் திரை தைத்தாள்.
அதன்பின் நாற்பது வருஷம்
பட்டப்பகலில் விளக்குப் போட்டுப் பாத்திரம் கழுவினாள்.
தெருப்பிள்ளைகள் பனியில் படுத்தால்
செருப்பில்லாமல் ஓடிவந்து
"எழுந்திரு, எழுந்திரு" என்பாள்.
என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.
சொல்லியிருக்கலாம்.

கடையில் இன்னொரு குப்பியை எடுத்து
ஒருநாள் பின்பக்கம் படித்தேன்.
கடுகெழுத்தில் மூன்று வரி.
இரண்டாவது வரியில் இருந்தது,
வெயிலில் இதன் சுடர் தெரியாதென்று.
எங்கள் வீட்டுத் தொட்டித் துவாரத்தில்
கூழாகிப் போன வரி.

ஒரு படம் விழுந்திருந்தது.
கழுவிக் கொடுத்தவர் காசு வாங்கவில்லை,
எதுவும் சரியாக விழவில்லையே தம்பி என்றார்.
கிண்ணம் இருக்கிறது. பனி இருக்கிறது.
அவன் கை, நக அழுக்குகூட.
பூதக்கண்ணாடி வைத்துத்
தேடியிருக்கிறேன்.