கூட்டல் ஒன்று

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில்
எங்கள் ட்ரவல்ஸ்.
ரிக்கற் எடுக்காதவர்களும் படியேறுவார்கள்,
ஏசிக்காக, போட்டோக்கொப்பிக்காக.
அந்தப் பெண் தூரம் கேட்க வந்தாள்.

"இங்கயிருந்து ரொறன்ரோ எவ்வளவு, புள்ள?"

தட்டிப் பார்த்துச் சொன்னேன்.
கொழும்பிலிருந்து கிட்டத்தட்டப் பதினாலாயிரம் கிலோமீற்றர்.
தோஹாவுக்கு ஐந்து மணித்தியாலம்,
அங்கே இரும்புக் கதிரையில் ஏழு,
மறுபடி ஆகாயத்தில் பதினாலு.
அதற்கெல்லாம் முதல் கட்டுநாயக்கா:
இரவு பஸ், மகா ஓயாவில் தேத்தண்ணி,
எட்டோ ஒன்பதோ, சாரதியின் மனதைப் பொறுத்தது.
எந்தத் திகதிக்குப் போடட்டும்?

"நான் போகல்ல.
மறுகா, அங்க ராத்திரி ஒன்பதெண்டா இங்க என்ன?"

இது செப்ரெம்பர். ஒன்பதரை கூட்டவேண்டும்.
இங்கே அடுத்த நாள், காலை ஆறரை.

பெயர் தவமலர். பாண்டிருப்பு.
தம்பி கோகுலராசா அங்கே ட்ரக் ஓட்டியவன்,
வியாழன் இரவு ஒன்பதுக்கு முடிந்துபோனான்.
வெள்ளி காலை ஏழுக்குப் போன் அடித்தபோது
இவள் கையெல்லாம் இடியப்ப மா.
ஆண்டுத் திவசத்துக்கு எந்த நாள் என்று வீட்டில் சண்டை.
மரணப் பத்திரத்தில் வியாழன், அண்ணன் அதைவிட்டு இறங்கமாட்டார்.
ஐயர் சொன்னாராம்: நிலவு ஒன்றுதானே,
அங்கேயும் இங்கேயும் அதே திதி, கிழமையை விடுங்கள்.
இவளால் கிழமையை விட முடியவில்லை.

நாங்கள் அடிக்கும் ரிக்கற்றில்
இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 நிற்கும்.
அடுத்த நாள் என்று அர்த்தம்.
வட்டம் போட்டுக் கொடுப்பேன்,
இல்லாவிட்டால் கூட்டிப்போக வருகிறவர்கள்
வெறும் வாசலில் ஒரு நாள் முந்தி நிற்பார்கள்.
அவளுக்கும் ஒரு துண்டில் எழுதி
வட்டம் போட்டேன்.

விரல்மடித்து எண்ணினாள்.
"அப்ப, வியாழக்கிழமை நான் சந்தைக்குப் போகக்குள்ள
அவன் இருந்தவன்."
ஓம்.
"பின்னேரம் மழைக்கு உடுப்பு எடுக்கக்குள்ளயும்."
ஓம்.
"ராத்திரி பத்துக்கு அவனுக்கு ஏசிப்போட்டுப் படுத்தன்,
காசு அனுப்பல்லையெண்டு."
அங்கே அப்போது பகல் பன்னிரண்டரை, என்றேன்.
"சாப்பிட்டிருப்பான்."

என் வாய்வரை ஒன்று வந்தது.
எங்களுக்கு நாள் மஃரிபோடு மாறும்.
வியாழன் பொழுதுபட்டால் அது வெள்ளி இரவு.
எங்கள் கணக்கில் அங்கேயும் வெள்ளி, இங்கேயும் வெள்ளி,
சண்டைக்கு இடமேயில்லை.
ஆனால் இவள் இப்போதுதான்
ஒரு முழு வியாழக்கிழமையைக் கண்டெடுத்திருக்கிறாள்,
இரவு பத்து மணியும் சேர்த்து.
அதன் வாலை நறுக்க எனக்கு மனம் வரவில்லை.

"எவ்வளவு தரணும்?"
கேட்டதற்குக் காசு இல்லை, கொப்பிக்குத்தான் காசு.
துண்டைத் திருப்பி நீட்டினாள்.
"அப்ப இதில ஒண்டு எடு, அண்ணனுக்கு."

மெஷின் சூடாக நேரமெடுத்தது.
நீல வட்டம் கறுப்பாக வந்தது,
கொஞ்சம் சரிந்து.